தோட்டத்தில் ஒரு மைதானம்

மூங்கில்துறைப்பட்டில் கொல்லை என்றால் வயல். ஒருத்தி "கொல்லைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் கரும்புக்கோ மல்லாட்டைக்கோ போகிறாள் என்று பொருள். வீட்டின் பின்புறத்தை நாங்கள் தோட்டம் என்போம். அங்கே பூச்செடி இருக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் இல்லை. எங்கள் தோட்டத்தில் இருந்தவை ஒரு முருங்கை, இரண்டு தென்னை, கறிவேப்பிலை, அடிபம்பு, துணி துவைக்கும் கல், பாத்திரம் தேய்க்கும் மேடை, மாடு இல்லாமல் போன மாட்டுக்கொட்டகை, அதன் ஓரத்தில் ஒரு சாம்பல் குழி. பின்னால் முள்வேலி, ஒரு படல், அதற்கப்பால் வேறொருவரின் கரும்பு.

அப்பா காலையில் பல் துலக்கவும் குளிக்கவும் அங்கே வருவார். மற்ற நேரமெல்லாம் அது அம்மாவினுடையது. பட்டா அம்மா பேரில் இருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே நடக்கும் வேலை அம்மாவினுடையது. பாத்திரம், துணி, சாணம், விறகு, நெல் அவிப்பது எல்லாம் அங்கேதான். மாதத்தில் மூன்று நாள் அம்மா படுத்ததும் அந்தக் கொட்டகையை ஒட்டிய திண்ணையில்தான். நான் பெரியவளானபோது தாய்மாமன் பச்சைத் தென்னையோலையில் குடிசை கட்டியதும் அங்கேதான். பதினொரு நாள் அதற்குள் உட்கார்ந்து முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2024 மே மாதம் அந்த இடத்தில் நான் ஒரு சாஃப்ட்பால் மைதானம் போட்டேன், பாதி அளவில்.

கோடை விடுமுறைக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தோம். என் மகள் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். நகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் விளையாடிப் பழகியவள். பாட்டி ஊரில் இடம் தாராளமாக இருக்கும் என்று நம்பி வந்தாள். இடம் இருந்தது. ஏரிக்கரைப் பொட்டலில் காலை ஆறு மணியிலிருந்து இருட்டும் வரை பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். இரண்டு நாள் போனாள். முதல் நாள் "நீ ஃபீல்டிங் பண்ணு" என்றார்களாம். இரண்டாம் நாளும் அதுவே. ஓடிப்போய்ப் பந்து எடுத்துத் தருகிற வேலை. மூன்றாம் நாள் போகவில்லை. திண்ணையில் செல்பேசியோடு உட்கார்ந்திருந்தாள். தெருவில் அவள் வயதுப் பெண்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். அவர்களும் திண்ணைகளில்தான் இருந்தார்கள்.

அம்மா சொன்னாள்: "வயசுக்கு வந்த பொண்ணு, வீட்டுல இருந்தா என்னடி? நீ இருக்கலையா?"

நான் இருந்தேன். அதைச் சொல்லியாக வேண்டும். 1993-இல் நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் ஊர் தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து புதிதாகப் பிறந்த விழுப்புரம் மாவட்டத்துக்குப் போன ஆண்டு அது. (2019-இல் மறுபடி மாறிக் கள்ளக்குறிச்சிக்கு வந்துவிட்டோம். ஊர் மட்டும் தென்பெண்ணைக் கரையிலேயே இருக்கிறது.) நான் படித்த பள்ளிக்கு அந்த ஆண்டு ஓர் உடற்கல்வி ஆசிரியை வந்தார். ஒரு சாக்கு மூட்டையிலிருந்து நான்கு கையுறை, இரண்டு மட்டை, எலுமிச்சைப்பழ நிறமும் இல்லாத, வெள்ளையும் இல்லாத பழைய பந்துகளை எடுத்துக் கொட்டினார். இதற்குப் பெயர் சாஃப்ட்பால் என்றார். பெயரில்தான் மென்மை. பந்து கையில் விழுந்தால் எலும்பு வரை தெரியும்.

நான் கேட்சர். பந்து வீசுபவள் கையைக் கீழிருந்து சுழற்றி வீசுவாள். உட்கார்ந்த நிலையில் அதைப் பிடிக்க வேண்டும். ஆடும் ஒன்பது பேரில் மைதானம் முழுவதையும் எதிரே பார்த்தபடி இருப்பவள் கேட்சர் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் வீட்டைப் பார்த்து நிற்பார்கள். வீடு என்றுதான் நாங்கள் சொல்வோம், ஹோம் பேஸை. அங்கிருந்து கிளம்பி, மூன்று மூலைகளைத் தொட்டு, யாரிடமும் அகப்படாமல் அங்கேயே திரும்பி வந்தால் ஒரு ஓட்டம். வெளியே போய்விட்டுத் திரும்பி வருவதற்கு மதிப்பெண் தருகிற ஓர் ஆட்டம் இருக்கிறது என்பது பதினான்கு வயதில் எனக்குப் பெரிய செய்தி.

மண்டலப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள். வெளியூரில் இரண்டு நாள் தங்க வேண்டும். அரைக்கால் சட்டை. அப்பா மாட்டேன் என்றார். அத்தோடு முடிந்தது. பிறகு கவிதை எழுதினேன், தமிழ் படித்தேன், முனைவர் ஆனேன், முப்பது வருடம் அப்பாவைக் குறை சொன்னேன்.

ஏன் கிரிக்கெட் இல்லை என்று மகள் கேட்டாள். கிரிக்கெட் என்றால் பையன்கள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, அப்படி வீசாதே இப்படிப் பிடி என்று சொல்லத் தொடங்குவார்கள், நான்காம் நாள் உள்ளே வந்துவிடுவார்கள் என்றேன். ஊரில் யாருக்கும் தெரியாத ஆட்டமாக இருந்தால் நாங்கள்தான் அம்பயர், நாங்கள்தான் சட்டம். இது ஓரளவு பலித்தது. எட்டிப் பார்த்தவர்கள் "என்னாங்க இது?" என்று கேட்க வேண்டியிருந்தது. பையன்கள் எங்களிடம் கேள்வி கேட்டு நின்றதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அளவுகளுக்கு வருகிறேன். பெண்கள் சாஃப்ட்பாலில் ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் இடையே 60 அடி. பந்து வீசுபவள் நிற்பது ஹோமிலிருந்து 43 அடியில். பேஸ்பாலில் இவை 90 அடியும் அறுபதரை அடியும். எங்கள் தோட்டம் 52 அடி அகலம், 84 அடி நீளம், கிட்டத்தட்ட 10 சென்ட். அகலவாட்டில் ஒரு பேஸ் தூரம்கூட நுழையாது. எனவே பாதியாக்கினேன். பேஸுக்கு பேஸ் 30 அடி, வீசும் தூரம் இருபத்தொன்றரை அடி. வீட்டுப் பக்கத்து மூலையில், இரு வேலிகளிலிருந்தும் பத்தடி தள்ளி ஹோம்.

சதுரம் போடுவது வாசலில் புள்ளி வைப்பதுபோல் எளிதில்லை. மூலை கொஞ்சம் பிசகினால் மூன்றாவது பேஸ் அடிபம்பில் போய் முட்டுகிறது. தெருவில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் மூலைமட்டம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, கயிற்றில் மூன்றடி, நான்கடி, ஐந்தடி முடிச்சுப் போட்டு முக்கோணமாக இழுக்கச் சொன்னார். இழுத்த இடத்தில் மூலை நேராக நின்றது. பிறகு குறுக்கே அளந்து சரிபார்த்தோம். 30 அடிச் சதுரத்துக்குக் குறுக்களவு 42 அடி 5 அங்குலம் வர வேண்டும். முதல் முறை 43 அடி வந்தது. இரண்டாம் முறை சரியாக வந்தபோது என் மகள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா வந்து வேலியோரம் நின்றுவிட்டார்.

முதல் பேஸ் எங்கே விழுந்தது தெரியுமா? பச்சையோலைக் குடிசை இருந்த இடத்தில். நான் தேர்ந்தெடுக்கவில்லை, நாடா தேர்ந்தெடுத்தது. அம்மாவிடம் காட்டினேன். "ஆமாம், அங்கதான்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது பேஸ் முருங்கை மரத்துக்கு நாலடி இப்பால் விழுந்தது. மரத்தை வெட்ட அம்மா விடமாட்டாள், எனக்கும் மனமில்லை. மரமே இரண்டாவது பேஸ் என்று சட்டம் திருத்தினோம். ஓடிப்போய் அடிமரத்தைத் தொட வேண்டும், கிளையைப் பிடித்தால் அவுட். முருங்கைக்கிளை எவ்வளவு சுலபமாக முறியும் என்று தமிழ்நாட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மற்ற இரண்டு பேஸுக்கும் பழைய சாக்கைச் சதுரமாக வெட்டி, மணலடைத்து, கோணி ஊசியால் தைத்தோம். ஹோம் ஐந்து மூலை கொண்டது. அதற்குப் பழைய ரெக்சின் துண்டு. மட்டையைக் கடைசல் பட்டறையில் பூவரசங்கட்டையில் கடைந்து வாங்கினேன். உரலுக்கு உலக்கையா என்று கேட்டுத்தான் அளவெடுத்தார். பந்து ஓட்டுவீட்டு ஓடுகளை உத்தேசித்து, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து.

இந்தப் பந்துக்கும் ஒரு கதை இருக்கிறது. 1953-இல் அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்து ஃபேர்ஃபீல்டில், தன் மகன் வீட்டுப் பின்புறத்தில் பிளாஸ்டிக் பந்தையும் துடைப்பக்கட்டையையும் வைத்து ஆடுவதைப் பார்த்த ஒரு தந்தை, வளைந்து செல்லும்படி ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்ட பந்தைச் செய்தார். விஃபிள் பந்து என்று பெயர். சன்னலை உடைக்காது, சின்ன இடம் போதும். அதிலிருந்து அந்த நாட்டில் எத்தனையோ வீடுகளின் பின்புறத்தில் குட்டி மைதானங்கள் முளைத்தன. 1989-இல் வந்த 'ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்' படத்தில் ஒரு விவசாயி சோளக்காட்டை அழித்து பேஸ்பால் மைதானம் போடுவான். இறந்துபோன ஆட்டக்காரர்கள் சோளத்துக்குள்ளிருந்து வருவார்கள், கடைசியில் அவன் அப்பாவும் வருவார். நல்ல படம், நான் அழுதிருக்கிறேன். ஆனால் சோளத்துக்குள்ளிருந்து வந்த ஆவிகள் எல்லாரும் ஆண்கள். தோட்டத்தில் மைதானம் என்றாலே அப்பா மகன் கதையாகத்தான் இருக்கிறது.

பெண்கள் ஆடாமல் இல்லை. 1931-இல் ஜாக்கி மிட்செல் என்ற பதினேழு வயதுப் பெண் ஒரு காட்சி ஆட்டத்தில் பேப் ரூத்தையும் லூ கெரிக்கையும் அடுத்தடுத்து அவுட் ஆக்கினாள். அந்த நாட்டின் மிகப் பெரிய இரண்டு மட்டையாளர்கள் அவர்கள். 1943 முதல் 1954 வரை பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை லீக் நடந்தது. அதில் பாவாடை கட்டிக்கொண்டு ஆட வேண்டும். மண்ணில் சறுக்கி விழுந்தால் தொடை முழுக்கத் தோல் உரியும். போதாததற்கு நடை, உடை, ஒப்பனை கற்பிக்க வகுப்பும் வைத்தார்கள். 1950-இல் கேத்ரின் ஜான்ஸ்டன் என்ற சிறுமி முடியை வெட்டிக்கொண்டு, பையன் பெயரில் லிட்டில் லீகில் சேர்ந்து ஆடினாள். அடுத்த ஆண்டே பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று விதி எழுதினார்கள். 1972-இல் ஹோபோகனில் மரியா பெப்பே மூன்று ஆட்டம் ஆடிய பிறகு வெளியே அனுப்பப்பட்டாள். வழக்கு நடந்து 1974-இல் விதி மாறியது. மாறிய கையோடு பெண்களுக்கு என்று தனியாக ஒரு சாஃப்ட்பால் பிரிவைத் திறந்து, அந்தப் பக்கம் வழிகாட்டிவிட்டார்கள். என் பள்ளியில் சாக்கு மூட்டையிலிருந்து கொட்டியது ஏன் பேஸ்பால் இல்லை, ஏன் சாஃப்ட்பால் என்பதற்கு விடை எவ்வளவு தூரத்தில் இருந்திருக்கிறது பாருங்கள்.

என் முனைவர் பட்ட ஆய்வு பிள்ளைத்தமிழில். பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம். முதல் ஏழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கடைசி மூன்றில்தான் பிரிகிறார்கள். ஆண் பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் பிள்ளைக்குப் பெரும்பாலும் அம்மானை, நீராடல், ஊசல், சிலவற்றில் கழங்கு. பட்டியலை ஒரு முறை உடம்பால் செய்து பாருங்கள். பெண் பிள்ளையின் காயாட்டமெல்லாம் இருந்த இடத்தில் நடப்பது. ஊஞ்சல் எவ்வளவு ஆடினாலும் கயிறு கட்டிய இடத்துக்கே வந்து நிற்கும். ஆண் பிள்ளை பறை கொட்டுகிறான், தேர் உருட்டிக்கொண்டு தெருவில் போகிறான். சிற்றில் பருவத்தில் அவன் செய்வது என்ன? சிறுமிகள் மணலில் கட்டிய குட்டி வீட்டைக் காலால் அழிப்பது. அழிக்காதே என்று சிறுமிகள் கெஞ்சுவதுதான் பாட்டு. ஆண்டாள்கூட நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுக்க அதைத்தான் கேட்கிறாள். கலித்தொகையில் கபிலர் பாட்டு ஒன்றில் ஒருத்தி தோழியிடம் பழைய கதை சொல்வாள். தெருவில் நாம் கட்டிய மணல்வீட்டை மிதித்து, நம் வரிப்பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினானே, அந்தப் பட்டிப்பயல், அவன் ஒருநாள் தண்ணீர் கேட்டு வீட்டுக்கு வந்தான் என்று. அவன் கையைப் பிடித்ததும் அவள் அலறியதும், அம்மா ஓடி வந்ததும் விக்கினான் என்று இவள் பொய் சொல்லிக் காப்பாற்றியதும் தமிழ் படித்த எல்லாருக்கும் தெரியும். பதினெட்டு ஆண்டாக அந்தப் பாட்டை நடத்துகிறேன். வகுப்பு ஒவ்வொரு முறையும் சிரிக்கிறது, நானும் சிரிக்க வைத்திருக்கிறேன். பந்து திரும்பி வந்ததா என்று ஒரு முறைகூட நான் கேட்டதில்லை. மைதானம் போட்ட ஆண்டு ஒரு மாணவி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

கோடு போடச் சுண்ணாம்புத்தூள் வாங்கிவரக் கிளம்பினேன். அம்மா, கோலமாவு இருக்கிறதே என்றாள். கயிறு கட்டிக்கொண்டு நான் போட்ட கோடு புழு நெளிந்ததுபோல் இருந்தது. அம்மா என்னை நகரச் சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவை விட்டுக்கொண்டே பின்னால் நடந்தாள். கயிறு இல்லை. ஹோமிலிருந்து முதல் பேஸ் வரை 30 அடி, ஒரே இழை. எழுபத்திரண்டு வயது.

முதல் பேஸில் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அன்னிக்கு உங்கப்பா ஒண்ணும் சொல்லல. போவட்டுமேன்னுதான் சொன்னாரு. நான்தான் வாணாம்னேன்."

எனக்கு முதலில் எதைச் சொல்கிறாள் என்று புரியவில்லை.

"ரெண்டு நாளு வெளியூரு. தெருவுல என்னா பேசுவாங்கன்னு எனக்குத்தான தெரியும். அவுருக்கு என்னா தெரியும்? அவுரு பேர்ல போட்டுட்டேன்."

சொல்லிவிட்டு மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முருங்கையைப் பார்த்துக் கோடு இழுக்கப் போய்விட்டாள். நான் மாட்டுக்கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்தேன். அப்பா 2016-இல் இறந்தார். அவரைப் பற்றி நான் எழுதிய கவிதைகள் அச்சில் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது? அம்மாவைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. கோடு நன்றாக வந்துகொண்டிருந்தது.

ஆட வந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். விதிப்படி ஒரு பக்கத்துக்கே ஒன்பது பேர் வேண்டும். ஒருத்தி மட்டையடிக்க, மற்ற எட்டுப் பேரும் மைதானத்தில் நிற்பது என்று வைத்துக்கொண்டோம். கரும்புக்குள் பந்து போனால் பெரிய ஆட்டத்தில் அது ஹோம் ரன். எங்களுக்கு அது அவுட். கரும்புக்குள் பாம்பு இருக்கும், தோகை கையை அறுக்கும், சொந்தக்காரர் சத்தம் போடுவார். ஓங்கி அடிக்கக் கற்ற கையைக் கொஞ்சம் அடக்கச் சொல்கிற சட்டத்தை நானே எழுதினேன் என்பது உறுத்தல்தான். இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். எல்லாரும் பின்பக்கப் படல் வழியாகத்தான் வந்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குள் நுழைந்து முன்வாசல் வழியாகப் போவார்கள். காலனியிலிருந்து வந்த இரண்டு பெண்கள் படல் வழியாகவே திரும்பினார்கள். அம்மா ஒரு குடம் தண்ணீரும் ஒரு சொம்பும் அடிபம்பு மேடையில் வைத்திருந்தாள். அந்த இருவரும் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நான் கவனிக்கவில்லை. தலித் இலக்கியம் தாளுக்கு நான்தான் பாடத்திட்டம் எழுதியவள். நான்காம் வாரம் மகள் கேட்டாள்: "அவங்க ஏம்மா நம்ம சொம்புல குடிக்கல?"

அம்மாவைக் கேட்டேன். "நான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள். உண்மைதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா பாட்டில் கொடுத்து அனுப்பியிருக்கிறார், என் அம்மா என்னை அனுப்பாமல் வைத்ததுபோல. தெருவில் என்ன நடக்கும் என்று தெரிந்த அம்மாக்கள். மறுநாள் நான் இருவரையும் உள்ளே கூப்பிட்டேன். வந்தார்கள், கூடத்தில் நின்றார்கள், உட்காரவில்லை. ஆட்டத்தின்போது என் மகள் அவர்கள் பாட்டிலை வாங்கிக் குடித்தாள். அது ஏதோ பெரிய காரியம்போல் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர்களுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் எங்கள் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வரவில்லை. ஒருத்திக்கு டியூஷன் என்றார்கள், இன்னொருத்திக்குக் காரணமும் சொல்லவில்லை. ஏழு பேர் ஆனோம். கூடத்தில் உட்கார்கிறார்கள் இப்போது. சொம்பில் குடிக்கிறார்களா என்று நான் உற்றுப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

விடுமுறை முடிந்தும் மைதானம் இருந்தது. நான் வாரக் கடைசியில் வருவேன். மற்ற நாட்களில் அம்மா படலைத் திறந்துவிடுவாள். அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்தார்கள். தென்பெண்ணை பாலங்களைத் தின்றுகொண்டு போனது. எங்கள் தோட்டத்துக்கு ஆறு வரவில்லை, மழைநீர் நின்றது. வடிந்தபோது கோடு இல்லை, சாக்கு அழுகியிருந்தது, முருங்கையில் கம்பளிப்பூச்சி அடை அடையாக. பூச்சி போகும்வரை இரண்டாவது பேஸைத் தொடாமல் குச்சியால் தட்டினால் போதும் என்று பெண்களே விதி மாற்றிக்கொண்டார்கள். என்னைக் கேட்கவில்லை.

தையில் ஆலை அரவை. ஊரெங்கும் பாகு வாசம், சாலையெல்லாம் கரும்பு டிராக்டர். பின்கரும்பை வெட்ட வெளியூரிலிருந்து ஒரு கூட்டம் வந்து கூடாரம் போட்டது. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண், பன்னிரண்டு வயதிருக்கும். பள்ளிக்குப் போகவில்லை, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். மூன்று நாள் பார்த்தாள். நான்காம் நாள் தம்பியை என் அம்மா மடியில் வைத்துவிட்டு மட்டையை வாங்கினாள். கரும்பு வெட்டும் கை. முதல் பந்தே கரும்பு இருந்த இடத்துக்குப் போனது. வெட்டி முடித்த வெறும் வயல். அவுட் என்று என் மகள் வாயெடுத்தாள். கரும்புதான் இல்லையே என்றாள் ஒருத்தி. அந்தப் பெண் அதற்குள் மூன்று மூலையும் சுற்றி வீட்டுக்கு வந்து நின்றாள். ஆறு வாரம் ஆடினாள். பிறகு கூடாரம் கிளம்பிவிட்டது. எந்த ஊர் என்று கேட்டு வைக்காமல் போனேன்.

இப்போது அண்ணன். அண்ணன் நல்லவர். அம்மாவுக்கு மாத்திரை வாங்கித் தருவது அவர்தான், நான் வாரக்கடைசி மகள். தோட்டத்தில் வாடகைக்கு விட நான்கு வீடு கட்ட வேண்டும் என்பது அவருடைய பல நாள் எண்ணம். அப்பா இறந்த மறுமாதமே ஒரு விடுதலைப் பத்திரம் தயாராகிவிட்டது. கையெழுத்துப் போட நானும் தயாராகத்தான் இருந்தேன், பேனாவோடு. பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டிய நாளில் தேர்வுப் பணி வந்துவிட்டது. பிறகு தள்ளிக்கொண்டே போனது.

அந்த மனை அப்பா தன் சம்பளத்தில் வாங்கியது. உயில் எழுதவில்லை. அப்படியானால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நான் மூவருக்கும் சமபங்கு. பெண்ணுக்குச் சொத்துரிமை என்றதும் பலரும் சொல்லும் 1989-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தமும், 2005-இன் மத்தியச் சட்டத் திருத்தமும் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. 1989-இல்கூட அந்த மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவளுக்குப் பங்கு இல்லை என்று ஒரு கதவை மூடியே வைத்திருந்தார்கள், 2005-இல்தான் அது திறந்தது. என் விஷயத்தில் அந்தக் கதவே குறுக்கே இல்லை. சட்டம் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தெளிவாக இருக்கிறது. வகுப்பில் இதை மாணவிகளுக்குச் சொல்லியும் இருக்கிறேன். வீட்டில் சொல்ல எட்டு வருடம் ஆயிற்று.

"உனக்குப் பதினஞ்சு பவுன் போட்டோம், பி.எச்.டி. வரைக்கும் படிக்க வெச்சோம், இப்ப பந்து விளையாட இடம் கேக்கறியா?" என்றார் அண்ணன். கேட்க வேடிக்கையாகத்தான் இருந்தது. அண்ணி சமையலறையில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் ஓர் ஊரில் ஒரு வீடும் இரண்டு அண்ணன்களும் இருக்கிறார்கள்.

பங்கு வேண்டும் என்று சொன்னேன். மூன்றில் ஒன்று. அது அந்தத் தோட்டமாகவே இருக்கட்டும் என்றேன். அண்ணன் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு பேசினார், அதைப் பற்றி மட்டும் பேசவில்லை. இன்னும் கையெழுத்தாகவில்லை. பாகப்பிரிவினை எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது. அம்மா தன் பங்கு பற்றி வாய் திறக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சொசைட்டியில் ஐந்து கிலோ கோலமாவு வாங்கி வைத்திருக்கிறாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, வீடு கட்ட வரைபடம் போடும் பொறியாளரை அண்ணன் கூட்டிவந்தார். இளைஞர். கையில் நாடா, கூட ஒரு பையன். அன்று காலைதான் அம்மா புதுக் கோடு போட்டிருந்தாள். நான் படலுக்குப் பக்கத்தில் நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை. பையன் நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஹோம் பக்கமாக நடக்கத் தொடங்கினான். பாத்திர மேடையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"தம்பி, கோட்ட மிதிக்காம அளங்க. அஞ்சு மணிக்குப் புள்ளைங்க வந்துடும்."

பையன் பொறியாளரைப் பார்த்தான். பொறியாளர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் முருங்கை மரத்தைப் பார்த்தார். பையன் காலைத் தூக்கி, கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் வைத்தான்.